'குவைற்' என்னும் ஆங்கிலச் சொல்

ஆங்கிலம் பயிலும் நம் மாணவர் 'வெரி' என்ற சொல்லை எளிதிற் கையாள்வர். 'குவைற்' என்ற சொல்லில் இடறுவர். அகராதியைப் புரட்டினால், 'முற்றிலும்' எனவும் 'ஓரளவு' எனவும் அஃது இரு பொருள் கூறும். நிறைவும் குறைவும் ஒரு சொல்லுக்கே பொருளாதல் எவ்வாறு என மயங்குவர்.

தமிழிலக்கணம் கற்றார்க்கு இம்மயக்கம் வேண்டா. சால, உறு, தவ, நனி, கூர், கழி என்னும் 6 உரிச்சொற்களும் மிகுதி என்னும் ஒரே குணத்தை உணர்த்தும் என்ற நன்னூலார், 'கடி' என்னும் ஓருரிச்சொல்லுக்கு 13 பொருள் வகுத்தார். கடிநகர் எனின் காவல். கடிமலர் எனின் மணம். கடிநுனை எனின் கூர்மை. அடுத்து நிற்குஞ் சொல்லே பொருளைத் தெளிவிக்கின்றது. 'குவைற்' என்பதும் இத்தகையதே.

கடன் முதலியவற்றினின்று விடுபட்ட நிலையைக் குறித்த பழஞ்சொல்லின் வழி வந்தமையால், எச்சமின்றி முழுவதும் என்பதே இதன் முதற்பொருள். ஓரளவு என்னும் பொருள் பின்னர்த் தோன்றியது. கூடுதல் குறைதல் இல்லாத பண்போடு சேருங்கால் முதற்பொருளே நிற்கும். 'குவைற் இம்பொசிபிள்' என்றால் முற்றிலும் இயலாதது. 'குவைற் றைற்' என்றால் முழுவதும் சரி. கூடிக் குறையும் பண்போடு சேருங்காலோ, பிரித்தானிய வழக்கில் அது பெரும்பாலும் பாராட்டைத் தாழ்த்தும். 'குவைற் குட்' என்பது 'பரவாயில்லை' என்ற அளவே. அமெரிக்கர் வாயில் அதுவே 'மிக நன்று' எனப் பொருள்படும். 'குவைற் எ ஃபியூ' என்பதோ, 'சிலர்' என்னும் சொல்லைத் தன்னுட் கொண்டும் 'பலர்' என்றே பொருள் தரும்.

இவ்வேறுபாடு வெறும் ஏட்டுச் சுரைக்காய் அன்று. மாணவனுக்கு நற்சான்று எழுதும் ஆசிரியர், மிகுதியாகப் புகழ்ந்ததாக எண்ணி 'குவைற் குட்' என எழுதிவிடலாம். இலண்டனில் அதனைப் படிப்பவர் அவனை நடுத்தரத்தவன் என ஒதுக்கிவிடலாம். ஒரு சொல்லால் ஓர் இளைஞனின் வாய்ப்புத் தவறுதல் கூடும்.

ஆதலின், ஐயம் எழும் இடத்து மிகுதிக்கு 'வெரி' என்றும், ஓரளவுக்கு 'ஃபெயர்லி' என்றும் எழுதுக. மொழிபெயர்ப்போர், பக்கத்துச் சொல்லை நோக்கிய பின்னரே 'குவைற்' என்பதற்குத் தமிழ் தேடுக. 'கடி'யின் பொருளை இடம் நோக்கி அறியப் பழகிய நமக்கு இஃது அரிய செயலன்று.