நடுவழியில் நின்ற மோட்டார் சைக்கிள்

மீன் விற்பவருக்குப் பணத்திலும் பார்க்க நேரமே பெரிய முதல். வடமராட்சிக் கரையில் வாங்கிய மீனைப் பனிக்கட்டி இட்ட பெட்டியில் அடுக்கிக்கொண்டு, விடியுமுன்னரே கொடிகாமம் சந்தையை நோக்கிப் புறப்படும் பெரியவர் ஒருவரை நாம் அறிவோம். அவரிடம் இருப்பது பழைய ஹொண்டா சி 70 ஒன்று. சென்ற மாரிகாலத்தில் அவ்வண்டி ஒரு புதிய துன்பத்தைக் கொடுக்கத் தொடங்கிற்று. நெல்லியடியைத் தாண்டி இரண்டு மூன்று கட்டை ஓடியதும் இருமும், இளைக்கும், பின்னர் நின்றுவிடும். கால்மணி நேரம் பொறுத்திருந்து உதைத்தால், ஒன்றுமே நடவாதது போல மீண்டும் ஓடும். அதற்கிடையில் பனிக்கட்டி கரைந்துவிடும். சந்தையில் நல்ல விலையும் போய்விடும்.

“சூடேறினால் நிக்குது தம்பி, ஆறினால் ஓடுது. பழைய இரும்புக்குத்தான் குடுக்கவேணும்” என்று அவர் நம்மிடம் கூறியபோது அவருடைய குரலில் விளையாட்டு இருக்கவில்லை. திருத்துமிடம் ஒன்றில் முதலிற் பிளக்கை மாற்றினார்கள். அடுத்த வாரம் கொண்டென்சரை மாற்றினார்கள். அதற்கடுத்த வாரம் கொயிலையும் மாற்றினார்கள். வண்டியோ தான் நின்ற இடத்திலேயே தவறாமல் நின்றது.

இவ்வண்டி 1958ஆம் ஆண்டு யப்பானில் விற்பனைக்கு வந்த சூப்பர் கப் குடும்பத்தைச் சேர்ந்தது. 2017ஆம் ஆண்டில் இக்குடும்பத்தின் மொத்த உற்பத்தி பத்துக் கோடியை எட்டிற்று. வாங்கியவர்கள் யாவரும் பொறியியல் கற்றவர்கள் அல்லர். ஆதலின் இதன் நோயை அறிவதற்கும் பெரும் படிப்பு வேண்டியதில்லை. எஞ்சின் ஓடுவதற்கு வேண்டியவை பெற்றோலும் காற்றும் சேர்ந்த கலவை, அதனை இறுக்கும் அமுக்கம், தக்க தருணத்தில் ஒரு தீப்பொறி ஆகிய மூன்றுமே. நின்றுபோன வண்டியில் இவற்றுள் ஏதோ ஒன்று இல்லை. எது இல்லை என்று கண்டறியுமுன் பொருள்களை மாற்றுவது, நாடி பாராமல் மருந்து கொடுப்பதை ஒக்கும்.

நாம் அவரிடம் கேட்ட முதற் கேள்வி, வண்டி எவ்வாறு நிற்கின்றது என்பதே. விளக்கை ஊதி அணைத்தாற் போலச் சட்டென்று நின்றால் பெரும்பாலும் மின்சாரத்தையே ஐயுற வேண்டும். இருமி இளைத்து நின்றால் பெற்றோலை ஐயுற வேண்டும். சூடேறியதும் கெட்டுப்போகும் கொண்டென்சரும் உண்டு என்பதனால் திருத்துபவரின் எண்ணத்தை முற்றாகக் குறைகூற நாம் விரும்பவில்லை. எனினும் இக்கேள்வியை அவர் கேட்டிருக்கலாம்.

மறுநாள் அவருடன் நாமும் சென்றோம். வழக்கமான இடத்தில் வண்டி நின்றது. காபரேற்றருக்குச் செல்லும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் பிடித்தபோது, தாங்கியில் அரைவாசிக்கு மேல் பெற்றோல் இருந்தும், நாலைந்து துளிகளே விழுந்தன. ஆசனத்தை உயர்த்தித் தாங்கியின் மூடியைத் திருகினோம். ‘உஸ்’ என்று காற்று உள்ளே பாய்ந்தது. பெற்றோல் தாரையாக ஓடிற்று. மூடியின் அடியில் நாலாக மடித்த பொலித்தீன் துண்டொன்று ஒட்டியிருந்தது!

மழைநீர் இறங்காதிருக்க அவரே அதனை வைத்திருக்கிறார். மூடியிலுள்ள நுண்துளை வழியாகக் காற்று உட்சென்றால்தான், வெளியேறும் பெற்றோலின் இடம் நிரம்பும். துளை அடைபட்டதும் தாங்கிக்குள் காற்றழுத்தம் குறைந்து பெற்றோலைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. கால்மணி நேரத்திற் சிறிது காற்று எப்படியோ கசிந்து புகுந்துவிட, வண்டி ஓடுகிறது. சூட்டுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. பெரியவர் நெடுநேரம் அப்பொலித்தீனையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பெற்றோல் ஒழுங்காக வருமாயின் அடுத்துப் பிளக்கைக் கழற்றிப் பார்க்கலாம். அதன் முனை பாற்கோப்பி நிறமாக இருப்பது நலம். உலர்ந்த கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி. எண்ணெய்ப் பசை இருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வோ தேய்ந்திருக்கலாம். 1990களில் குடாநாட்டிற்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டிருந்தபோது, சில துளி பெற்றோலைப் பீச்சி எஞ்சினைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டியவர்களுக்குக் கரி படிந்த பிளக்கைப் பற்றி நாம் சொல்லத் தேவையில்லை. துடைத்த பிளக்கை மூடியிற் செருகி, எஞ்சினின் இரும்பில் தொடுமாறு வைத்து உதைத்தால் நீலநிறப் பொறி ‘டக்’கென்று பாய வேண்டும். சிந்திய பெற்றோலுக்கு அருகிலோ பிளக் இருந்த துவாரத்தின் வாயிலிலோ இதனைச் செய்தல் ஆகாது, தீப்பற்றிவிடும்.

பொறி மஞ்சளாய் மெலிந்திருந்தால் பொயின்றைப் பார்க்க வேண்டும். அதன் இடைவெளி 0.3 முதல் 0.4 மில்லிமீற்றர் வரை. பொறியும் பெற்றோலும் சரியாக இருந்தும் சூடான பின் உதைப்பது இலேசாகி, வண்டி கிளம்ப மறுத்தால், வால்வு இடைவெளி இறுகியிருக்கக்கூடும். எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது அது 0.05 மில்லிமீற்றர் இருத்தல் வேண்டும். இன்றைய ஸ்கூட்டர்களிற் பொயின்ற் கிடையாது. ஆனால் கேட்க வேண்டிய முதற் கேள்வி மாறவில்லை.

பெரியவரின் வண்டியில் வேறொரு குறையும் இருந்தது. முன்விளக்கின் குமிழ் ஒரே மாதத்தில் இருமுறை எரிந்துபோயிற்று. இருளிற் புறப்படும் மனிதருக்கு இது சிறிய காரியமன்று. பின்விளக்கு எரிகின்றதா என்று கேட்டோம். “அது எரிஞ்சு கன காலம்” என்றார். இப்பழைய 6 வோல்ட் வண்டிகளில் எஞ்சினோடு சுழலும் காந்தத்தின் மின்சாரத்தையே இரண்டு விளக்குகளும் பங்கிட்டுக்கொள்கின்றன. ஒன்று எரியாதபோது மற்றதன்மேல் வோல்ட் ஏறுகிறது. வேகமாக ஓடும்போது அது தாங்காது கருகுகிறது. பின்விளக்கைக் கழற்றினோம். மீன்பெட்டியிலிருந்து வழிந்த உப்புநீர் குமிழின் தாங்கியைப் பச்சையாய் அரித்திருந்தது. அரத்தாளாற் சுரண்டி, சிறிது கிறீஸ் பூசி, ஒரு புதுக்குமிழ் இட்டோம்.

பெட்டியின் மூலையிற் சிறு குழாய் ஒன்றைப் பொருத்தி நீரைப் பக்கவாட்டில் விழச்செய்தவர் பெரியவரே. பொலித்தீன் துண்டை எறிய மனமின்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இப்போது மழை வந்தால் ஆசனத்தின் மேலே போட்டுக் கட்டுகிறார்.