மேல்தாடை சொல்லும் செய்தி

தலசீமியா உள்ள சில பிள்ளைகளுக்குக் கன்ன எலும்பு புடைத்திருக்கும்; மூக்கின் அடி தட்டையாகும்; மேல்தாடை முன்தள்ளிப் பற்கள் இடைவெளி விட்டு நிற்கும். இதைக் கண்ணூறு என்றும் தலைவிதி என்றும் சொல்வோர் உண்டு. உண்மைக் காரணம் எலும்புக்குள் இருக்கிறது. பரம்பரைக் குறைபாட்டால் செங்குருதிக் கலங்கள் முதிருமுன்பே அழிய, பற்றாக்குறையை ஈடுசெய்ய என்புமச்சை பெருகி, வளரும் எலும்பை உள்ளிருந்து விரிக்கிறது. கீழ்த்தாடையின் புறப்படை அடர்த்தியானது என்பதால் மேல்தாடையே அதிகம் மாறுகிறது. ஆகவே இந்த முகமாற்றம் நோயின் கட்டாய முத்திரையல்ல. போதிய குருதி கிடைக்காததன் அடையாளம். சிறுவயதிலேயே ஒழுங்காகக் குருதி ஏற்றினால் இதைப் பெரும்பாலும் தடுக்கலாம். ஏற்றிய குருதியால் உடலில் சேரும் இரும்பை அகற்றவும் மருந்து வேண்டும்.

இலங்கையில் குருநாகல், அநுராதபுரம், பதுளைப் பக்கமே இந்நோய் அதிகம்; கிழக்கிலுள்ள கல்முனைக்கும் சாய்ந்தமருதுக்கும் இதில் என்ன கவலை என்று கேட்கலாம். நோயின் காவிகள், அதாவது நோயில்லாமல் அதன் மரபணுவைச் சுமப்போர், எந்த ஊரிலும் இருக்கக்கூடும். சொந்தத்துக்குள் திருமணம் செய்யும்போது இருவரும் காவிகளாக இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அப்படியானால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் பிள்ளைக்கு நோய் வரும் வாய்ப்பு 25 வீதம். காவியா என்று குருதியைப் பரிசோதித்தால் பெண்ணின் சம்பந்தம் குழம்பும் என்ற அச்சம் நியாயமானதே. ஆனால் காவி நோயாளி அல்லர். ஒருவர் மட்டும் காவியென்றால் பிள்ளைக்குத் தலசீமியா நோய் வராது. ஈரான் 1997 இலும் சவூதி அரேபியா 2004 இலும் திருமணத்துக்கு முந்திய பரிசோதனையைக் கட்டாயமாக்கின. நிக்காஹ் பேசுமுன்பே, ஆண் பெண் இருபாலாரும் இந்தக் குருதிப் பரிசோதனையைச் செய்வது வழக்கமானால், பழி ஒருவர் தலையில் மட்டும் விழாது.