எழுத்தாணி பிடித்த கை

பனையோலையில் எழுத மேசை வேண்டாம். ஓலையை இடக்கையில் ஏந்தி, எழுத்தாணியை வலக்கையில் இறுகப் பிடித்துக்கொண்டால் போதும். ஆணியின் நுனியைத் தாங்கித் தள்ளுவது இடக்கைக் கட்டைவிரல். வீணைக்காரர்கள் நகம் வளர்ப்பதுபோல, ஏடெழுதுகிறவர்களும் அந்த விரலின் நகத்தை வளர்த்து, பிறை வடிவில் ஒரு பள்ளம் வெட்டி வைத்துக்கொள்வார்கள். ஆணி அதில் பதிந்து நிற்கும்.

ஓலையையும் பக்குவப்படுத்த வேண்டும். இளசாகவும் முற்றலாகவும் இல்லாததாகப் பார்த்து வெட்டி, ஈர்க்கை நீக்கி, மஞ்சள் கலந்த நீரில் வேகவைத்து, உலர்த்தி, சங்காலோ கல்லாலோ தேய்த்து வழவழப்பாக்குவார்கள். எழுத்தாணியில் குண்டெழுத்தாணி, வாரெழுத்தாணி, மடக்கெழுத்தாணி என்று வகைகள் உண்டு. மடக்கெழுத்தாணியில் ஆணியோடு ஓலை வாரும் கத்தியும் இருக்கும். இரண்டும் பிடிக்குள் மடங்கிவிடும்.

எழுதி முடித்த ஓலையில் தெரிவது வெறும் கீறல்தான். கரியோடு கோவையிலைச் சாறோ ஊமத்தையிலைச் சாறோ சேர்த்துப் பூசித் துடைத்தால் கீறலுக்குள் மட்டும் கருமை தங்கும். இதுதான் மையாடுதல். ஆக, தம் எழுத்தைத் தாமே அரைகுறையாகப் பார்த்தபடிதான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்!

படிக்கிறவர் பாடு அதைவிடக் கஷ்டம். ஆணி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பதில்லை. கொம்பிலும் குறில், நெடில் வேறுபாடு கிடையாது. ஏட்டில் 'கொல' என்று இருந்தால் அது கொல், கோல், கொல, கோல என்று எதுவாகவும் இருக்கலாம். துணைக்காலும் ரகரமும் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பம் இன்னும் கூடும். முன்னும் பின்னும் பார்த்துப் பொருளை ஊகிக்க வேண்டியதுதான்.

சில நூற்றாண்டுகளில் ஓலை நைந்துபோகும், செல்லரிக்கும். அதற்குள் யாராவது புது ஏட்டில் பெயர்த்து எழுதியாக வேண்டும். சங்கப் பாட்டு நம் கைக்கு வந்தது இப்படி வழிவழியாகப் பெயர்த்தெழுதியவர்களால்தான். பதிப்பித்தவர்களுக்குக் கிடைத்த புகழில் இவர்களுக்குப் பங்கு கிடைக்கவில்லை என்பது எனக்குக் குறையாகவே படுகிறது.

பெயர்த்தெழுதியவர்கள் செய்த பிழைகள்கூடப் பயன்பட்டன. 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் பல ஊர் ஏடுகளை ஒப்பிட்டுத்தான் பாடத்தை முடிவு செய்தார். ஒருவர் கை தவறிய இடத்தில் இன்னொருவர் சரியாக எழுதியிருப்பார். இரண்டு ஏடுகளில் ஒரே விதமான தவறுகள் அடுத்தடுத்து வந்தால், இரண்டுக்கும் மூலம் ஒரே பழைய ஏடாக இருக்கும் என்று ஊகிக்கலாம்.