வானம் வரும் வீடு – 11: கண்ணாடிக்குள் இருக்கும் புள்ளிகள்

முற்றத்துக் கண்ணாடிக் கூரையைத் தாங்கும் இரும்புச் சட்டத்தின் வாட்டத்தைப் போன வாரம் பேசி முடித்தோம். நூல் பிடித்துப் பார்த்தவர்கள் மேலே படிக்கலாம். மற்றவர்கள் பழைய இதழைப் புரட்டிவிட்டு வாருங்கள். சட்டம் சுவரைத் தொடும் இடத்தில் நீர்க்கசிவை எப்படிச் சோதிப்பது என்று இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். அதற்குள் வேறொரு விஷயம் கைக்கு வந்து சேர்ந்துவிட்டது. முதலில் அதைச் சொல்லியாக வேண்டும்.

மதுரையில் புதிதாக வீடு கட்டுகிறவர்கள் பலர் நடுவில் முற்றம் வேண்டும் என்கிறார்கள். கேட்ட கையோடு அதன் தலையை மூடவும் சொல்கிறார்கள். 1636-இல் எழுந்த திருமலை நாயக்கர் மகாலின் முற்றம் இன்றும் வானம் பார்த்துக் கிடக்கிறது. நம் வீட்டில் அது நடக்காது. தூசி, திருட்டு பயம், அழகர்கோவில் சாலைப் பக்கமென்றால் குரங்கு. ஆகவே கண்ணாடிக் கூரை.

நாகமலைப் புதுக்கோட்டையில் அப்படி ஒரு வீடு. பத்தடிக்குப் பத்தடி முற்றம், கண்ணாடி பூட்டியாகிவிட்டது. வீட்டுக்கார அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை. "தம்பி, டஃபன் கிளாஸ்னு சொல்லித்தான் காசு வாங்கினாங்க. அது டஃபன்தான்னு எனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பட்டறைக்காரர் பக்கத்திலேயே நின்றிருந்தார். "சுத்தியல வச்சு அடிச்சுப் பாருங்கம்மா, ஒண்ணும் ஆகாது."

அடித்துப் பார்ப்பது சோதனை ஆகாது. நடுவில் விழும் அடியைத் தாங்குகிற டஃபன் கண்ணாடி, ஓரத்தில் ஒரு கூர்மையான தட்டு பட்டால் முழுவதும் பொடிப்பொடியாக உதிர்ந்துவிடும். மூலையில் ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2553 என்ற எண்ணும் இருக்க வேண்டும். அங்கே மூலைகள் சட்டத்துக்குள் போய் சிலிக்கோன் பூசி மூடப்பட்டிருந்தன. மாலை ஆறு மணி இருக்கும், மேகமில்லாத வானம். அவருடைய மகன் பைக் ஓட்டும்போது போடுகிற போலரைஸ்டு கூலிங் கிளாஸ் மேசை மேல் கிடந்தது. அதை அம்மாவிடம் கொடுத்து, அண்ணாந்து பார்த்தபடி தலையை மெல்ல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சாய்க்கச் சொன்னேன்.

"அய்யோ, என்ன தம்பி இது, புள்ளி புள்ளியா இருக்கு!"

வெறுங்கண்ணுக்குத் துல்லியமாக இருந்த கண்ணாடி முழுக்க, வரிசை பிசகாமல் சாம்பல் நிறப் புள்ளிகள். பட்டறைக்காரரும் வாங்கிப் பார்த்தார். இத்தனை வருடத் தொழிலில் அவர் அதைக் கண்டதே இல்லையாம்.

அந்தப் புள்ளிகள் கண்ணாடி பிறந்த இடத்தின் தடம். சாதாரணக் கண்ணாடியை 600 பாகை செல்சியஸுக்கு மேல் காய்ச்சி, இரு பக்கமும் குழல்வாய்கள் வழியாகக் குளிர்ந்த காற்றைப் பீய்ச்சி அடிப்பார்கள். மேல்பரப்பு சட்டென்று இறுகிவிடும். உள்ளே இருப்பது பிறகு மெதுவாக ஆறிச் சுருங்கப் பார்க்கும். அந்த இழுபறிதான் டஃபன் கண்ணாடிக்குச் சாதாரணக் கண்ணாடியைவிட நாலைந்து மடங்கு வலுவைத் தருகிறது. காற்று நேராகப் பட்ட இடமும் படாத இடமும் ஒரே சீராக ஆறுவதில்லை. அந்த வித்தியாசம் கண்ணாடிக்குள்ளேயே உறைந்துவிடுகிறது. இறுக்கத்தில் இருக்கும் கண்ணாடி ஒளியின் அதிர்வுத் தளத்தை மாற்றும் என்பதை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே ஸ்காட்லாந்துக்காரர் டேவிட் புரூஸ்டர் கண்டு சொல்லிவிட்டார். ஒரு தளத்தில் அதிரும் ஒளியை மட்டும் விடுகிற போலரைஸ்டு கிளாஸ் அந்த மாற்றத்தைப் புள்ளிகளாகக் காட்டுகிறது.

சரி, மாலை வானம் எதற்கு? நீல வானத்திலிருந்து வரும் ஒளி எல்லாத் திசையிலும் ஒன்றுபோல அதிர்வதில்லை. சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியுள்ள வானத்தில் அது பெரும்பாலும் ஒரே தளத்தில் அதிரும். சூரியன் மேற்கே அடிவானத்தைத் தொடும்போது அந்த 90 பாகை நம் உச்சந்தலைக்கு நேர் மேலே வந்து நிற்கிறது. கூரைக் கண்ணாடிக்கு இதைவிட வாகான விளக்கு எங்கே கிடைக்கும்! காலையில் சூரியன் எழும்போதும் இதே கதைதான். மேகம் மூடிவிட்டால் மட்டும் பலிக்காது.

இந்த இடத்தில் நம் திருச்சிக்காரர் சர் சி.வி. ராமனைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. 1921-இல் இங்கிலாந்திலிருந்து நர்குண்டா கப்பலில் திரும்பியவர், மத்தியதரைக் கடலின் நீலத்தைப் பார்த்து அசந்துபோனார். வானத்தின் நிறம்தான் கடலில் தெரிகிறது என்பது அன்றைக்குப் பெரிய விஞ்ஞானி ரேலேயின் கருத்து. ராமன் கையோடு ஒரு நிக்கோல் பட்டகம் வைத்திருந்தார். நம் கூலிங் கிளாஸ் செய்கிற வேலையைத்தான் அதுவும் செய்யும். புரூஸ்டர் பெயரால் வழங்கும் அதே கோணத்தில் அதைப் பிடித்து, நீர்ப்பரப்பில் தெரிந்த வானத்தின் பிரதிபலிப்பை அணைத்துவிட்டுப் பார்த்தார். நீலம் போகவில்லை. அந்த நீலம் தண்ணீருக்குள்ளிருந்தே வருகிறது என்று, பம்பாய்த் துறைமுகம் வந்து சேர்ந்ததும் 'நேச்சர்' இதழுக்கு எழுதி அனுப்பினார். அங்கே தொடங்கிய பாதை 1930-இல் நோபல் பரிசில் போய் முடிந்தது. ஒரு பெரிய விஞ்ஞானி சொல்லிவிட்டார் என்று விடாமல் பட்டகத்தை எடுத்துப் பார்த்தவர் அவர். வீடு கட்டுகிற நாம் கடைக்காரர் சொல்லை அப்படியே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று என்ன இருக்கிறது?

கண்ணாடியைப் பூட்டுவதற்கு முன், கடையிலேயே பார்க்கவும் வழியுண்டு. எல்.சி.டி. திரை உள்ள மடிக்கணினியில் வெள்ளைப் பக்கம் ஒன்றைத் திறந்து, கூலிங் கிளாஸ் வழியாகப் பாருங்கள். தலையைச் சாய்த்துக்கொண்டே போனால் ஒரு கோணத்தில் திரை இருண்டுவிடும். இருளவில்லை என்றால் உங்களுடையது போலரைஸ்டு கிளாஸ் இல்லை. இருண்டபின், திரைக்கும் உங்களுக்கும் நடுவில் கண்ணாடியை நிறுத்தச் சொல்லுங்கள். டஃபன் என்றால் இருட்டில் வெளிச்சத் திட்டுகள் கிளம்பும். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். புள்ளி தெரிந்தால் அது காய்ச்சிக் குளிரவைத்த கண்ணாடி என்பது உறுதி. எவ்வளவு வலு என்பதைப் புள்ளி சொல்லாது. அதற்கு முத்திரையும் ஆலையின் சான்றிதழும்தான் வேண்டும்.

ஆசிரியை அம்மாவின் கண்ணாடி டஃபன்தான். ஆனாலும் எனக்கு நிம்மதி வரவில்லை, ஏனென்றால் அது 12 மில்லி ஒற்றைக் கண்ணாடி. டஃபன் கண்ணாடிக்குள் எப்போதாவது நிக்கல் சல்பைடு துகள் ஒன்று ஒளிந்துகொண்டிருக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்தத் துகள் மெல்ல மெல்லப் பருத்து, மாதங்களோ வருடங்களோ கழித்து, யாரும் தொடாமலே கண்ணாடியை வெடிக்கச் செய்துவிடும். சன்னலில் என்றால் பெருக்கித் தள்ளலாம். தலைக்கு மேலே, பேரப்பிள்ளைகள் விளையாடும் இடத்தில் என்றால்? கூரைக்கு லேமினேட்டட்தான் போட வேண்டும்: இரண்டு டஃபன் கண்ணாடிகளுக்கு நடுவே பி.வி.பி. படலம். உடைந்தாலும் படலத்தோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். பில்லில் 13.52 என்று எழுதியிருந்தால் ஆறும் ஆறும் கண்ணாடி, 1.52 மில்லி படலம் என்று கணக்கு. பூட்டும் முன் விளிம்பைப் பார்த்தால் நடுவில் அந்தக் கோடு தெரியும். எடையும் ஏறக்குறைய அதேதான். 12 மில்லி கண்ணாடி சதுர மீட்டருக்கு 30 கிலோ; பத்துக்குப் பத்து கூரைக்கு 280 கிலோ வரும். படலம் அதோடு கொஞ்சம்தான் கூட்டும். எடையைக் காரணம் காட்டி, சட்டத்தையே மாற்ற வேண்டும் என்று யாராவது சொன்னால் உங்கள் பொறியாளரை ஒரு வார்த்தை கேளுங்கள்.

பக்கம் தீர்ந்துவிட்டது. தண்ணீர்ச் சோதனை அடுத்த வாரம். அதுவரை சட்டம் சுவரைத் தொடும் இடத்தில் பூச்சு வேலைக்காரர் கை வைக்க வேண்டாம். பட்டறைக்காரருக்குக் கடைசித் தவணையையும் கொடுத்துவிட வேண்டாம்.

(தொடரும்)