ஒரு காபிக்கும் அடுத்த காபிக்கும் நடுவே



வங்கிக் கடன் வாங்கி நம் கேன்டீனில் எஸ்பிரஸோ காபி மெஷின் போட்டோம். முதல் மாதம் நல்ல ஓட்டம். ரெண்டாவது மாதம் "காபி கசக்குதே", "பால்ல ஏதோ வாடை வருதே" என்று சொல்ல ஆரம்பித்தார்கள். தூளை மாற்றினோம். பால்காரரிடம் சண்டை போட்டோம். ஒன்றும் சரியாகவில்லை. வியாபாரம் படுத்தது. ஒரு தவணையைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் கட்டும்படி ஆகிவிட்டது.

கடைசியில் மெஷின் பார்க்க வந்தவர், கைப்பிடியைக் கழற்றி எங்களை முகர்ந்து பார்க்கச் சொன்னார். கழுவாத எண்ணெய்ச் சட்டி மாதிரி சிக்கு வாடை! "தூளும் நல்லாத்தான் இருக்கு, பாலும் நல்லாத்தான் இருக்கு. நீங்க ராத்திரி மட்டும் கழுவுறீங்க. இது நடுநடுவே துடைக்க வேண்டிய மெஷின்மா" என்றார். அன்று நாங்கள் கற்றுக்கொண்டதை உங்களுக்கும் சொல்கிறோம்.

ஏன் நடுநடுவே?

வீட்டு ஃபில்டரில் காலையில் ஒரு தடவை டிகாக்‌ஷன் இறக்குகிறோம், ஒரு தடவை கழுவுகிறோம். எஸ்பிரஸோ மெஷின் அப்படி இல்லை. ஒவ்வொரு காபிக்கும் புதுசாக டிகாக்‌ஷன் இறக்குகிறது. 90 டிகிரிக்கு மேல் சூடான தண்ணீரை, கார் டயரில் இருக்கும் காற்றைப் போல ஏறக்குறைய நாலு மடங்கு அழுத்தத்தில் தூளுக்குள் செலுத்துகிறது. 25, 30 விநாடியில் காபி இறங்கிவிடும். இந்த வேகத்தில் காபிக்கொட்டையின் எண்ணெயும் சேர்ந்து வரும். காபிக்கு மணமும் மேலே நிற்கும் பொன்னிற நுரையும் வருவதில் இந்த எண்ணெய்க்கும் பங்கு உண்டு. ஆனால் அதுவே சூடான இரும்பில் ஒட்டிக்கிட்டு நின்றால் காறிப்போகும். அடுத்த காபியில் கசப்பாக இறங்கும்.

கைப்பிடி

தூள் போட்டு மெஷினில் மாட்டும் வடிகட்டியைத்தான் கைப்பிடி என்கிறோம். காபி இறங்கியதும் நாம் செய்ய வேண்டியவை:

1. கைப்பிடியைக் கழற்றி, சக்கையை உடனே டப்பாவில் தட்டிவிட வேண்டும். "அடுத்த ஆர்டர் வரட்டும்" என்று மாட்டியே வைக்கக் கூடாது. சக்கை உள்ளேயே வெந்து காய்ந்துவிடும்.

2. வடிகட்டியின் உள்பக்கத்தைக் காய்ந்த துணியால் துடைக்க வேண்டும். ஈரம் இருந்தால் புதுத்தூள் சீராக நனையாது.

3. கைப்பிடியை மாட்டும் முன்பு, மெஷினில் 2, 3 விநாடி வெறும் தண்ணீர் விட வேண்டும். மேலே சல்லடையில் ஒட்டியிருக்கும் பழைய தூள் விழுந்துவிடும்.

4. தூள் போட்டபின் விளிம்பை விரலால் வழித்துவிட வேண்டும். விளிம்பில் தூள் இருந்தால் ரப்பர் வளையம் சரியாகப் பொருந்தாது. ஓரத்தில் தண்ணீர் ஒழுகும், வளையமும் சீக்கிரம் போய்விடும்.

இவ்வளவுக்கும் கால் நிமிடம்கூட ஆகாது.

ஸ்டீம் பைப்

பாலை நுரைக்க வைக்கும் ஆவிக் குழாய்தான் மிகவும் கவனிக்க வேண்டிய இடம். ஆவியை நிறுத்தியதும் குழாய்க்குள் இருக்கும் ஆவி குளிர்ந்து தண்ணீராகச் சுருங்கும். உள்ளே வெற்றிடம் உண்டாகி, நுனியில் இருக்கும் பாலைக் கொஞ்சம் மேலே இழுத்துக்கொள்ளும். வெளியே துடைத்தால் மட்டும் போதாது என்பது இதனால்தான். உள்ளே போன பால் கெட்டு, அடுத்தவர் குவளைக்குள் வரும். குடிப்பவர் பச்சைக் குழந்தைக்காரியாக இருக்கலாம், வயசானவராக இருக்கலாம்.

பால் காய்ச்சி முடித்த கையோடு ஈரத்துணியால் குழாயைத் துடையுங்கள். பிறகு நுனியைத் தட்டுப்பக்கம் திருப்பி, ஒரு விநாடி ஆவியைத் திறந்து விடுங்கள். உள்ளே இருக்கும் பால் வெளியே வந்துவிடும். அடுத்த பாலில் குழாயை விடுவதற்கு முன்பும் இதேபோல ஒரு தடவை திறந்து மூடுங்கள். கை பத்திரம்! துணியை மடித்துப் பிடியுங்கள், நுனிக்கு நேரே கையோ முகமோ வேண்டாம். இந்த ஆவி வெந்நீரைவிட மோசமாகச் சுட்டுவிடும்.

துடைக்காமல் விட்டால் பால் குழாயிலேயே காய்ந்து கெட்டியாகும். பிறகு இரும்பு நாரால் தேய்த்துக் கீறலாக்குவோம். அந்தக் கீறலில் பால் இன்னும் அதிகமாகப் பிடிக்கும்.

ஜக்கில் மிஞ்சிய பாலில் புதுப்பால் ஊற்றி மறுபடி சூடாக்குவதும் வேண்டாம். தேவைக்கு மட்டும் ஊற்றுங்கள், ஒவ்வொரு தடவையும் ஜக்கை அலசுங்கள்.

கல்யாண வீடுகளில் ஆவியை மட்டும் விட்டு 'எக்ஸ்பிரஸ் காபி' போடும் பெரிய மெஷின் வைத்திருப்பவர்களுக்கும் இந்தக் குழாய் விஷயம் அப்படியே பொருந்தும்.

துணி மூணு

குழாய்க்கு ஒரு ஈரத்துணி, கைப்பிடிக்கு ஒரு காய்ந்த துணி, மேடைக்கு ஒரு துணி. மூன்றும் வேறு வேறு நிறமாக இருந்தால் மாறிப்போகாது. குழாய்த் துணியில் பால் ஊறியிருக்கும் என்பதால் அதை அடிக்கடி மாற்ற வேண்டும். மாற்றுத்துணி கையில் இருக்கட்டும். மேடையைத் துடைத்த துணியால் குழாயைத் துடைத்தால், அழுக்கை நாமே பாலில் போட்ட மாதிரி.

ராத்திரி வேலை

நடுவில் துடைக்கிறோம் என்று ராத்திரி கழுவுவதை விட்டுவிடக் கூடாது. வடிகட்டியைக் கழற்றி, மெஷினுக்கென்று விற்கும் பொடியை வெந்நீரில் கரைத்து ஊற வைத்து, நல்ல தண்ணீரில் நன்றாக அலசுங்கள். கைப்பிடியின் பிளாஸ்டிக் பகுதி ஊற வேண்டாம். சல்லடையைப் பிரஷ் போட்டுத் தேயுங்கள். குழாய் நுனியின் துளை அடைத்திருந்தால் மெஷினை அணைத்து, ஆறவிட்டு, ஊசியால் குத்தி எடுங்கள். காபிக்கொட்டை போடும் டப்பாவிலும் எண்ணெய் படியும், அதையும் துடைக்க வேண்டும்.

போர் தண்ணீர் ஊற்றினால், வெந்நீர்ப் பானையில் பிடிப்பது போல உள்ளே உப்பு பிடிக்கும். உப்பு குறைத்த தண்ணீரே நல்லது. உள்ளே பிடித்த உப்பை எடுப்பதை மெஷின்காரரிடம் விட்டுவிடுவோம்.

இப்போது எங்கள் குழுவில் யார் எந்த வேளை மெஷினைப் பார்ப்பது என்று தீர்மானப் புத்தகத்திலேயே எழுதி வைத்திருக்கிறோம். "அக்கா பார்த்துக்குவாங்க", "தங்கச்சி செஞ்சிருப்பா" என்ற பேச்சு நின்றது. விட்டுப்போன வாடிக்கை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வந்தது. தவணையும் வியாபாரத்திலிருந்தே போகிறது. செலவு என்று பார்த்தால் நாலைந்து துணி, ஒரு பிரஷ், கொஞ்சம் பொடி. அவ்வளவுதான்.

உங்கள் கடையில் மெஷின் இருந்தால், நாளைக் காலை முதல் காபிக்கு முன்னால் கைப்பிடியைக் கழற்றி ஒரு தடவை முகர்ந்து பாருங்கள். அது சொல்லிவிடும்.