முதல் வெளிநாட்டு தீம் பார்க் எது? டிக்கெட்டுக்கு முன்னாடி இஞ்ச் டேப்பை எடுங்க!

"போனஸ் வந்துடுச்சு. இந்த வருஷமாவது பசங்களை வெளிநாட்டு தீம் பார்க்குக்குக் கூட்டிட்டுப் போலாமா?"

திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் உள்ள அகரத்தில் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகிறவர்கள். மூத்த பையனுக்கு எட்டு வயது, சின்னவளுக்கு நாலு. கூடவே முட்டி வலியோடு அம்மா. திருவிழா ராட்டினமும் கொடைக்கானல் படகும் பார்த்தாச்சு. இரண்டு வருடச் சேமிப்பு கையில் இருக்கிறது. இன்னொரு முறை இப்படிக் கிளம்ப எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது.

யூடியூபைத் திறந்தால் டோக்கியோ, பாரிஸ், ஆர்லாண்டோ என்று வரிசையாக வருகிறது. 'எது பெஸ்ட்?' என்று தேடினால் முடிவே வராது. கேள்வியைக் கொஞ்சம் மாற்றிப் பாருங்க: நம்ம வீட்டில் வரப்போகிறவர்களுக்கு எது பொருந்தும்?

உயரம்தான் முதல் விசா

தீம் பார்க்கில் பெரிய ரைடு ஒவ்வொன்றின் வாசலிலும் ஓர் அளவுகோல் நிற்கும். கோட்டுக்குக் கீழே தலை இருந்தால் உள்ளே விட மாட்டார்கள். கெஞ்சினாலும் நடக்காது, அது பாதுகாப்பு விதி.

யுனிவர்சல் ஸ்டுடியோஸ் சிங்கப்பூரையே பார்ப்போம். டிரான்ஸ்ஃபார்மர்ஸ் ரைடுக்குக் குறைந்தது 102 செ.மீ. வேண்டும். 'ரிவெஞ்ச் ஆஃப் தி மம்மி' ரோலர் கோஸ்டருக்கு 122. அங்கேயே பெரிய கோஸ்டரான பேட்டில்ஸ்டார் கலாக்டிகாவுக்கு 125. நம்ம அகரத்துச் சின்னவள் 98 செ.மீ., மூத்தவன் 123 என்று வைத்துக்கொள்ளுங்கள். தங்கைக்கு டிரான்ஸ்ஃபார்மர்ஸ் 4 செ.மீ.யில் போச்சு. அண்ணனுக்கு மம்மி உண்டு, கலாக்டிகா 2 செ.மீ.யில் போச்சு. சுமார் மூவாயிரம் கிலோமீட்டர் திரும்பும் பயணத்தில் அழுகைதான் மிஞ்சும்.

அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் பிள்ளைகளைச் சுவரோடு நிற்க வைத்து அளந்துவிடுங்கள். பிறகு பூங்காவின் இணையதளத்தில் ஒவ்வொரு ரைடின் உயர அளவையும் பாருங்கள். அளவுகள் மாறலாம், ரைடு பராமரிப்புக்காக மூடியும் இருக்கலாம்.

எது பக்கம்?

அகரத்திலிருந்து மதுரை விமான நிலையம் பக்கம்தான். ஆனால் தென்கிழக்கு ஆசியாவுக்கு நேரடி விமானங்கள் அதிகம் இருப்பது திருச்சியில். திண்டுக்கல்லிலிருந்து சுமார் 100 கி.மீ., காரில் இரண்டு மணி நேரம். அங்கிருந்து சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் நேரடி விமானம் உண்டு. சுமார் நாலு மணி நேரப் பயணம். டோக்கியோ என்றால் எங்காவது விமானம் மாறியே ஆக வேண்டும். போக ஒரு நாள், வர ஒரு நாள் போய்விடும். ஆபீஸில் ஐந்து நாள் லீவு வாங்குவதே பெரும்பாடு என்பவர்களுக்கு இந்தக் கணக்கு முக்கியம்.

விசா விஷயம்

மலேசியா: 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் 30 நாள் வரை விசா இல்லாமல் போகலாம். சலுகை 2026 முடிவு வரை நீட்டிக்கப்பட்டுள்ளது. கிளம்பும் முன் டிஜிட்டல் வருகை அட்டையை ஆன்லைனில் நிரப்ப வேண்டும்.

சிங்கப்பூர்: விசா வேண்டும். அங்கீகரிக்கப்பட்ட ஏஜென்ட் மூலம் விண்ணப்பிக்கலாம். நேர்காணல் அலைச்சல் பொதுவாக இல்லை.

ஹாங்காங்: 14 நாள் வரை தங்க, ஆன்லைனில் முன்பதிவு அனுமதி வாங்கினால் போதும்.

ஜப்பான், பிரான்ஸ், அமெரிக்கா: ஆவணங்களும் காத்திருப்பும் அதிகம். முதல் முறைக்கு இவை வேண்டாமே.

இன்னொன்று: சிறுவர்களின் பாஸ்போர்ட் ஐந்து வருடம்தான் செல்லும். ஆறு மாதமாவது மீதி இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள்.

எந்த மாசம்?

நம்ம ஊர் கோடை விடுமுறை ஏப்ரல், மே. ஜப்பானில் ஏப்ரல் கடைசியிலிருந்து மே முதல் வாரம் வரை 'கோல்டன் வீக்' விடுமுறை. சீனாவில் மே தின விடுமுறை என்பதால் ஹாங்காங் டிஸ்னிலேண்டும் நிரம்பி வழியும். சிங்கப்பூரில் பள்ளி விடுமுறை மே கடைசியில்தான் ஆரம்பிக்கும். அதற்கு முன், மே இரண்டாவது வாரத்தில் வார நாளாகப் பார்த்துப் போனால் வரிசை கொஞ்சம் குறையும். வெயிலும் மழையும் அங்கே வருடம் முழுக்க உண்டு, குடையை மறக்காதீங்க.

யாருக்கு எது?

சின்னப் பிள்ளைகள் மட்டும் என்றால் மலேசியாவின் லெகோலேண்ட். 2012இல் ஜொகூரில் திறந்தது. இரண்டிலிருந்து பன்னிரண்டு வயது வரையானவர்களை மனதில் வைத்தே கட்டியது. சிங்கப்பூரில் தங்கிக்கொண்டு எல்லை தாண்டிப் போய்வரலாம். ஆனால் திரும்ப நுழைய உங்கள் சிங்கப்பூர் விசா 'மல்டிபிள் என்ட்ரி' ஆக இருக்க வேண்டும்.

குளிர் வேண்டும் என்றால் கோலாலம்பூரிலிருந்து சுமார் ஒரு மணி நேரத்தில் கெந்திங் மலை. அங்கே 2022இல் ஸ்கைவேர்ல்ட்ஸ் திறந்தது. சுமார் 6,000 அடி உயரம், நம்ம கொடைக்கானலைவிடக் கொஞ்சம் தாழ்வு.

டீன் ஏஜ் பசங்க, வேகப் பைத்தியம் என்றால் அபுதாபியின் ஃபெராரி வேர்ல்ட். அங்குள்ள ஃபார்முலா ரோஸா மணிக்கு 240 கி.மீ. வேகத்தில் பாயும். டிஸ்னிதான் வேண்டும் என்று வீட்டில் ஒற்றைக் காலில் நின்றால், நமக்குப் பக்கத்தில் இருப்பது 2005இல் திறந்த ஹாங்காங்.

பெரியவர்களோடு போவதென்றால் சிங்கப்பூர். பூங்கா 20 ஹெக்டேர்தான், ஒரே நாளில் நடந்து முடிக்கலாம். தமிழ் அங்கே ஆட்சிமொழிகளில் ஒன்று. சிராங்கூன் சாலைக்குப் போனால் இட்லி, சாம்பார் கிடைக்கும். அம்மாவுக்கு அன்னிய ஊர் மாதிரியே இருக்காது.

பேக்கேஜாக வாங்கினால் டி.சி.எஸ். என்று ஒரு தொகை சேர்த்து வசூலிப்பார்கள். அது போன பணம் இல்லை. வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதனால் வரி கட்டுபவரின் பான் எண்ணிலேயே பில் போடச் சொல்லுங்கள்.

அப்போ அகரத்து வீட்டுக்கு?

இந்த வயதில் பிள்ளைகள் வருடத்துக்கு ஐந்தாறு செ.மீ. வளர்வார்கள். ஒரு வருடம் பொறுத்தால் சின்னவள் 102ஐத் தாண்டிவிடுவாள், மூத்தவன் 125ஐ. அதே டிக்கெட் காசுக்கு ரைடுகள் அதிகம். அம்மா வரவில்லை என்றால் கணக்கு எளிது: இந்த வருடம் லெகோலேண்ட், அடுத்த முறை சிங்கப்பூர்.

ஆனால் அம்மாவும் வருகிறார். பிள்ளைகளின் உயரம் வருடா வருடம் கூடும். அம்மாவின் முட்டி அப்படி இல்லை. அதனால் இந்த வீட்டுக்கு இந்த வருடமே சிங்கப்பூர். சின்னவளுக்கு 2025இல் திறந்த மினியன் லேண்ட் இருக்கிறது. அம்மாவுக்கு உட்கார்ந்து பார்க்க 'வாட்டர்வேர்ல்ட்' ஷோ. மூத்தவனிடம் மட்டும் கலாக்டிகா இப்போ கிடையாது என்று கிளம்பும் முன்பே சொல்லிவிடுங்கள். வீட்டிலேயே தெரிந்துவிட்டால் அங்கே வாசலில் நின்று அழ மாட்டான்.