60-க்கு 40: ஜெட் அவுட்போர்டின் வரவு செலவு

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் ஓசார்க் மலைநாட்டு ஆறுகளில் படகு ஓட்டுபவர்கள் அடிக்கடி சொல்லும் எண் 60/40. இன்ஜின் தருவது 60 குதிரைத்திறன். புரொப்பெல்லருக்குப் பதிலாக நீரைப் பீய்ச்சும் ஜெட் பம்பைத் தாண்டிப் படகைத் தள்ளக் கிடைப்பது 40. மூன்றில் ஒரு பங்கு பம்பிலேயே கரைந்துவிடுகிறது. இருந்தும் கரண்ட், ஜாக்ஸ் ஃபோர்க் ஆறுகளில் ஜெட் படகுகள் நிறைந்திருக்கின்றன. 1964-இல் அமெரிக்க நாடாளுமன்றம் இவ்விரு ஆறுகளின் 134 மைல் நீளத்தைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது. சரளைக்கல் திட்டும் கணுக்கால் ஆழ ஓட்டமும் மாறி மாறி வரும் அந்த நீரில், இழப்பைத் தெரிந்தே மக்கள் ஜெட்டை வாங்குகிறார்கள். அவர்கள் கொடுப்பது எவ்வளவு, பெறுவது எவ்வளவு என்று வரிசையாகப் பார்ப்போம்.

இழப்புக் கணக்கு

மெர்க்குரி நிறுவனத்தின் ஜெட் வரிசையையே எடுத்துக்கொள்ளலாம்:

- 60 குதிரைத்திறன் இன்ஜின்: ஜெட்டில் 40 (67 சதவீதம்)
- 90 குதிரைத்திறன் இன்ஜின்: ஜெட்டில் 65 (72 சதவீதம்)
- 115 குதிரைத்திறன் இன்ஜின்: ஜெட்டில் 80 (70 சதவீதம்)

பொதுவாக 30 சதவீத இழப்பு என்று வைத்துக்கொள்ளலாம். பம்ப் தண்ணீரைக் கீழிருந்து உறிஞ்சி, மேலே தூக்கி, சுழற்றி, திசை திருப்பிப் பின்னால் பீய்ச்சுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் உராய்வு ஆற்றலைத் தின்கிறது. இதற்கு எதிராக ஒரு வரவும் உண்டு. ஜெட்டில் பல்சக்கரப் பெட்டி இல்லை. இன்ஜின் தண்டு நேராக இம்பெல்லரை, அதாவது பம்பின் சுழல் சக்கரத்தை, சுழற்றுகிறது. அதனால் கியர் ஆயில் மாற்றும் செலவும், பாறையில் மோதிக் கீழ்ப்பெட்டி உடையும் செலவும் இல்லை.

எடைக் கணக்கு

ஜெட் படகின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பது எடை. 16 அடி அலுமினியத் தட்டை அடிப்படகு ஒன்றுக்குத் தோராயமான பட்டியல் இது:

- படகு: 160 கிலோ
- இன்ஜினும் ஜெட்டும்: 118 கிலோ
- பெட்ரோல் 45 லிட்டர்: 33 கிலோ
- பேட்டரி: 23 கிலோ
- இரண்டு பேர்: 160 கிலோ
- சாமான்: 45 கிலோ
- மொத்தம்: 539 கிலோ

40 குதிரைத்திறனால் வகுத்தால், ஒரு குதிரைத்திறன் இழுக்க வேண்டியது 13.5 கிலோ. இதே 60 இன்ஜினில் புரொப்பெல்லர் இருந்திருந்தால் 9 கிலோதான். 80 கிலோ எடையுள்ள மூன்றாவது ஆள் ஏறினால் சுமை 15.5 ஆகிறது, நான்காமவர் ஏறினால் 17.5. புரொப்பெல்லர் படகு பொறுத்துக்கொள்ளும் இந்தக் கூடுதலை ஜெட் பொறுக்காது. படகு நீர்மேல் ஏறாமல் மூக்கைத் தூக்கிக்கொண்டு உழும். படகுக்குள் தேங்கிய 40 லிட்டர் தண்ணீர் 40 கிலோ, அதாவது அரை ஆள். புறப்படும் முன் அதை இறைத்துக் கொட்டுவதற்குக் காசு செலவில்லை.

பொருத்தும் அளவுகள்

புரொப்பெல்லர் இன்ஜினைவிட ஜெட்டை ஏறக்குறைய 7 அங்குலம் உயரத்தில் மாட்ட வேண்டும். 20 அங்குலத் தண்டுள்ள இன்ஜினுக்குப் படகின் பின்பலகை 27 அங்குல அளவில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பலகையை உயர்த்திக் கட்ட வேண்டும்.

நீர் உறிஞ்சும் வாயின் முன்விளிம்பு படகின் அடிமட்டத்தோடு சமமாக ஒட்டி அமைய வேண்டும். அதற்கு மேலே போனால் காற்று உள்ளே போகும். இன்ஜின் கத்தும், படகு நகராது. கீழே இறங்கினால் நீர் இழுத்துப் பிடிக்கும், வேகம் குறையும். அதனால் கால் அங்குலம் கால் அங்குலமாக ஏற்றி இறக்கி ஓட்டிப் பார்ப்பதே முறை. வாய்க்கு நேர் முன்னால் அடிப்பாகத்தில் ஏராவோ விளிம்போ இருந்தால் அதன் வழியே காற்றுக்குமிழி வந்து சேரும். பின்பலகைக்கு முன்னால் மூன்று நான்கு அடியாவது அடிப்பாகம் வழவழப்பாக இருக்க வேண்டும்.

இம்பெல்லருக்கும் சுற்றுறைக்கும் இடைவெளி 0.03 அங்குலம், ஏறத்தாழ 0.8 மில்லிமீட்டர். மணல் தேய்த்து இடைவெளி கூடினால், கீழே வைத்திருக்கும் ஷிம் எனும் மெல்லிய வளையத்தை எடுத்து மேலே போட்டு இம்பெல்லரை இறக்க வேண்டும். கூழாங்கல் பட்டு மழுங்கிய முன்விளிம்பை அரத்தால் ராவிக் கூராக்க வேண்டும். இந்த இரண்டையும் தள்ளிப்போடுபவர் 30 சதவீத இழப்பைத் தாமே வளர்த்துவிடுகிறார்.

ஓட்டும் கணக்கு

ஆண்டுக்கு 40 பயணம், ஒவ்வொன்றும் 50 கிலோமீட்டர், வேகம் மணிக்கு 40 கிலோமீட்டர், மணிக்கு 15 லிட்டர் பெட்ரோல் என்று வைத்துக்கொள்வோம்.

- ஒரு பயணத்துக்கு ஜெட்: 18.75 லிட்டர்
- அதே உந்துதலுக்குப் புரொப்பெல்லர் (70 சதவீதம்): 13.1 லிட்டர்
- வித்தியாசம்: 5.6 லிட்டர்
- ஆண்டுக்கு: சுமார் 225 லிட்டர்
- கேலன் 3 டாலர் விலையில்: சுமார் 178 டாலர்

ஆண்டுக்கு மொத்தம் 50 மணி நேர ஓட்டம். பேரிங்குக்கு 10 மணி நேரத்துக்கு ஒருமுறை கிரீஸ் அடிக்க வேண்டும். ஒவ்வொரு நாள் ஓட்டமும் முடிந்ததும் அடித்துவிடும் பழக்கம் அதைவிட நல்லது. 30 மணி நேரத்துக்கு ஒருமுறை, உள்ளே புகுந்த ஈரம் வெளியேறும் வரை கூடுதலாக அடித்துத் தள்ள வேண்டும். ஒரு டியூப் கிரீஸின் விலையில் பேரிங் காப்பாற்றப்படுகிறது.

பெறுவது என்ன

நீர்மேல் ஏறி ஓடும் ஜெட் படகு மூன்று நான்கு அங்குல ஆழத்தில் கடந்துபோகும். அதே அளவு இன்ஜினின் புரொப்பெல்லரும் அதன் காப்புத் துடுப்பும் படகின் அடிமட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ ஓர் அடி தொங்கும். வித்தியாசம் இவ்வளவுதான், ஆற்றில் அது முழு வித்தியாசம்.

ஆனால் இந்தச் சலுகை ஓடும் படகுக்கு மட்டுமே. நின்ற நிலையிலிருந்து கிளம்ப ஓர் அடிக்கு மேல் ஆழம் வேண்டும். குறைந்த நீரில் முடுக்கினால் பம்ப் தண்ணீரோடு சரளையையும் இழுக்கும். வேகத்தைக் குறைத்தால் திருப்பும் சக்தியும் குறையும், ஏனெனில் திருப்புவது பீய்ச்சும் நீர்தான். பாறை எதிரே வரும்போது முடுக்கியிலிருந்து கையை எடுத்துவிடும் பழக்கம் இங்கே ஆபத்து. பின்னோட்டமும் பலவீனம்; மடலால் நீரை முன்னே திருப்புவதோடு சரி. நிறுத்தும் இடத்தை முன்கூட்டியே கணக்கிட வேண்டும்.

தீர்ப்பு

உங்கள் பாதையில் பெரும்பகுதி இரண்டு அடிக்குக் குறைவான சரளை ஆறாக இருந்தால், ஆண்டுக்கு 225 லிட்டர் கூடுதல் பெட்ரோல் நியாயமான விலை. ஒரே ஒரு உடைந்த கீழ்ப்பெட்டி அதைவிட அதிகம் கேட்கும். ஏரியிலும் ஆழமான ஆற்றிலும் ஓட்டுபவருக்கு ஜெட் வீண் செலவு, புரொப்பெல்லரே போதும். வாங்குவதென்று முடிவு செய்தால், கடைக்குப் போகும் முன் உங்கள் படகு, ஆள், பெட்ரோல், சாமான் எடையைக் கூட்டிப் பம்ப் குதிரைத்திறனால் வகுத்துப் பாருங்கள். வகுக்கும்போது இன்ஜின் மூடியில் எழுதியிருக்கும் 60-ஐ மறந்து, 40-ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.